இருநூறு குரல் பெட்டி

மேடையில், கிட்டார்காரன் காலடியில் ஒரு டிஜிட்டல் பெட்டி இருந்தது. கிட்டாரின் சத்தத்தை வாங்கி, பேர்போன ஆம்ப்ளிஃபயர்கள் இருநூறின் குரலில் அதற்குப் பாடத் தெரியும். சொந்தக் குரல்தான் கிடையாது. அந்தக் குறை அதை அரித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் கச்சேரி நடுவே அவன் கால் தவறி அதில் வேறு சுவிட்சை மிதித்துவிட்டான். இருநூறு குரலும் அணைந்து, மெலிசாக, வறண்டுபோன ஒரு சத்தம் மட்டும் வந்தது.

பெட்டிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "கேட்டீங்களாக்கா? இதான் என் குரல்!" என்று கிட்டாரிடம் கத்தியது.

"அட லூசு, அது என் குரல்டா," என்றது கிட்டார்.

பெட்டி சுருங்கிப்போனது. "சரி, உங்களுக்காவது இருக்கே. இன்னும் கொஞ்சம் பாடுங்கக்கா, கேட்டுக்கறேன்."

"எங்க பாடறது? இது வெளியில வந்தாலே அவனுக்கு வேர்த்துக் கொட்டிடும். பாரு, குனிஞ்சிட்டான்."

அவன் சரியான சுவிட்சை அழுத்தினான். எந்த ஊரிலோ எவனோ செய்த ஆம்ப்ளிஃபயரின் குரல் அரங்கத்தை நிறைத்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அந்த ஆரவாரத்தில் பெட்டி மெல்லக் கேட்டது: "அக்கா, மறுபடி அவன் கால் தவறுமா?"



"தவறணும்டா," என்றது கிட்டார்.