இடப்பக்கம் ஏழு அடி

இடப்பக்கமாக எடுத்து வைத்த ஏழாவது அடியில் மகள் மறுபடி நின்றாள். கையை நீட்டினாள். திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து நடுவுக்கு வந்தாள்.

எல்லாம் சரியாக இருந்தது, உயிர் மட்டும் இல்லை. காலையிலிருந்து இது பதினாலாவது தடவை.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா பியானோக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். அவர் வாசிப்பை நிறுத்திவிட்டு, ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். இவர்கள் இருவரும் மோதிக்கொள்ளும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பது அவருக்கு இத்தனை வருடத்தில் பழகிவிட்டது.

இன்னும் ஒன்பது நாளில் நிகழ்ச்சி. அம்மாவின் முட்டி போய்விட்டது. இனி மேடையில் ஏறினால் தூக்கித்தான் இறக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த நடனத்தை அவளைத் தவிர யாரும் மேடையில் ஆடியதில்லை. மூன்று பேர் கற்றுக்கொள்ள வந்து, மூன்று பேரும் இந்த ஏழு அடியில் தோற்றுப்போனார்கள். மகளுக்கும் வராவிட்டால் பதினேழு நிமிட நடனம் அம்மாவின் முட்டியோடு முடிந்துவிடும்.

நடனத்துக்கு முப்பது வயது. மகளுக்கு முப்பத்தொன்று. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் மாதிரிதான் வளர்ந்தார்கள். இளையதற்குத்தான் செல்லம் அதிகம்.

அம்மா ஒற்றைப் பெட்டியோடு இந்த நாட்டுக்கு வந்தவள். இங்கே யாரும் பார்த்திராத ஓர் ஆட்டத்தைத் தானே உண்டாக்கி, வெறுங்காலோடு மேடையேறி ஆடிக் காட்டினாள். முதலில் சிரித்தார்கள். பிறகு பாடப்புத்தகத்தில் போட்டார்கள்.

அதிலும் இந்த ஏழு அடி இருக்கிறதே, அதைப் பற்றி எழுதாத ஆள் இல்லை. பிறந்த மண்ணை நினைத்துப் போகிறாள் என்றார் ஒருவர். இல்லை, அது மரணம் என்றார் இன்னொருவர். ஒரு பெண் இருநூறு பக்கம் எழுதி டாக்டர் பட்டமே வாங்கிவிட்டாள். அம்மா எதையும் மறுக்கவில்லை. நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர்களே கதை கட்டிக்கொள்கிறார்கள், நமக்கு வேலை மிச்சம் என்று இருந்துவிட்டாள்.

ஆனால் தன் குழுவுக்கு அவள் வைத்த சட்டம் வேறு. காரணம் தெரியாமல் ஒரு விரலைக்கூடத் தூக்கக் கூடாது. தூக்கினால் ஒத்திகையை நிறுத்திவிட்டு எல்லார் முன்னாலும் கேட்பாள். பெரிய பெரிய ஆட்டக்காரர்களை அப்படிக் கேட்டு அழவிட்டிருக்கிறாள்.

ஒத்திகையில் அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பதும் ஒரு சட்டம்தான். அதை மட்டும் மகள் ஒருநாளும் மதித்ததில்லை.

“காரணம் இல்லாம கால் எடுக்காதேன்னு நீதானேம்மா சொல்லுவே. எதுக்கு அங்க போறே? போயிட்டு ஏன் திரும்பி வர்றே?”

மற்ற மூன்று பேருக்கும் அம்மா ஏதேதோ சொல்லிச் சமாளித்திருந்தாள். ஒருத்தியிடம் கைவிட்டுப்போன காதலனை நினைக்கச் சொன்னாள். மகளிடம் அந்தச் சரக்கு விலை போகாது. அம்மாவின் பொய்யை முதுகைப் பார்த்தே கண்டுபிடிப்பவள் அவள்.

அம்மாவுக்கு எழுந்து வெளியே போய்விட வேண்டும்போல இருந்தது. முட்டி விடவில்லை. எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாலும் பதிலுக்குக் காத்து நிற்கும் மகள்தான் தெரிந்தாள். சொல்லாவிட்டால் நடனம் போய்விடும். சொன்னால் மகள் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. முப்பது வருடமாக இருக்கிற அதே பயம்.

“முதல் தடவை ஆடினப்ப, திரைக்குப் பக்கத்துல ஒரு குழந்தை அழுதுச்சு. தூக்கணும்னுதான் போனேன். ஏழு அடி போனதும், ஆயிரம் பேர் பார்க்கிறாங்கன்னு ஞாபகம் வந்துச்சு.”

மிச்சத்தையும் சொன்னாள். அந்த அடிகள் நடனத்திலேயே கிடையாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள் எங்கோ போய்விட்டாள். உடுப்புக் கூடையில் கிடந்த குழந்தை கையை நீட்டி வீறிட்டது. இவளும் கையை நீட்டினாள். பிறகு அதைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வந்து, மீதிப் பதினொரு நிமிடத்தையும் ஆடினாள். பாதியில் அழுகை நின்றுபோனது. ஏன் நின்றது என்று தெரியாமலேயே ஆடி முடித்தாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மறுநாளிலிருந்து அந்த ஏழு அடியும் நடனத்தில் சேர்ந்துவிட்டது.

எந்தக் குழந்தை என்று மகள் கேட்கவில்லை.

தண்ணீர் பாட்டிலை மூடி ஓரமாக வைத்தாள். அம்மாவை உட்காரவைத்தபடியே நாற்காலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், இடது ஓரத்தில் திரை இருக்க வேண்டிய இடத்தில் விட்டாள். பியானோக்காரரிடம் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள்.

ஆறாவது நிமிடத்தில் அம்மாவை நோக்கி ஏழு அடி வந்தாள். கையை நீட்டினாள்.

அம்மா தன்னையறியாமல் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டாள். இருவர் விரல்களுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. நடனம் கிடக்கட்டும், வந்துவிடு என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

மகள் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னால் நடந்தாள். நடுவுக்குப் போய், மீதிப் பதினொரு நிமிடத்தையும் ஆடினாள்.

ஓர் அடிகூடப் பிசகவில்லை.