சமையல்காரர் வீட்டுப் பத்தியம்

நாய்க்கு வயிறு கெட்டதற்குச் சமையல்காரரேதான் காரணம். விருந்தில் மிஞ்சிய வறுவலைச் செல்லமாக ஊட்டிவிட்டார்.

"இனி எண்ணெய், உப்பு கூடாது. வீட்டுலயே வேகவெச்சுக் குடுங்க. சாப்பிட்டாத்தான் தேறும்" என்றார் கால்நடை மருத்துவர்.

ஆயிரம் பேருக்குச் சமைத்த கை. கோழியையும் கேரட்டையும் பஞ்சுபோல வேகவைத்து, கிண்ணத்தை வைத்துவிட்டு எதிரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"எப்படிடா இருக்கு? நல்லா வெந்திருக்கா?"

நாய் கிண்ணத்தைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. மூன்று நாளும் இதே கதை. ஆனால் அவர் குளித்துவிட்டு வருவதற்குள், மனைவி எடுத்து வைத்த அதே கிண்ணம் பளபளவென்று காலி!

"என்னத்தடி கலந்தே?"

"ஒண்ணும் கலக்கலைங்க."

அவர் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகே தனக்குத் தட்டு வைத்துச் சாப்பிடுபவள் அவள். அவ்வளவு மரியாதை என்று ஊரெல்லாம் பெருமையடிப்பார். அவளா பொய் சொல்வாள்?

நான்காம் நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "என் சமையல்ல என்ன குறைன்னு நேராச் சொல்லிடு. நாயே மதிக்கலைன்னா நான் எதுக்குக் கரண்டி பிடிக்கணும்?"

"சமையல்ல ஒரு குறையும் இல்ல. நான் கிண்ணத்தை வெச்சிட்டு வெளிய வந்துடறேன். நீங்க எதிர்ல உக்காந்து அது மூஞ்சியவே பாத்துட்டிருந்தா, பாவம், அதுக்குத் தொண்டையில எப்படிங்க இறங்கும்?"

பிறகு மெல்லச் சொன்னாள்: "இருபது வருஷமா நீங்க கிளம்பினப்புறம் நான் ஏன் சாப்பிடறேன்னு நெனச்சீங்க?"