இன்னொரு சுற்று

"சிவப்புக் கொடி தெரிஞ்சதும் வலதுகைப் பக்கக் கயித்த இழு. அப்பதான் கரையில இறங்கலாம்."

மனைவியின் பாராசூட் பட்டையை மறுபடியும் இறுக்கினான் நெங்கா.

"நாலு தடவ சொல்லிட்டீங்க," என்றாள் ரஸ்மினி.

"கீழ பாக்காத."

"பாக்கத்தானே போறேன்."

வரிசையில் அடுத்து நின்ற ஜகார்த்தாக்காரர் சிரித்தார். "பறக்கப் போறது அவங்க. நீங்க ஏன் இவ்வளவு பதறுறீங்க? பாலிக்குப் புதுசா?"

நெங்கா படகுக்குக் கையசைத்தான். படகு இழுக்க, பாராசூட்டோடு ரஸ்மினி கடலுக்கு மேலே எழுந்தாள்.

ஒரு சுற்று முடிந்ததும் நெங்காவின் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியில் படகோட்டியின் குரல் வந்தது. "கொடிய ஏன்டா இன்னும் காட்டல? இருபது வருஷமா யாரையும் ஒரு சுத்துக்கு மேல நீ விட்டதில்லையே."

"இருபது வருஷமா அவ கீழ நின்னுதான் பாத்தா. இன்னொரு சுத்து போ."

சிவப்புக் கொடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான் நெங்கா.