புகை போகும் திசை

மாலை வெயில் பழைய புகைப்படத்தின் கண்ணாடியில் சாய்ந்து விழுகிறது. ஆற்றங்கரை நூற்பாலை, புகைபோக்கியில் புகை; அடியில் ‘வேலைநிறுத்தத்தன்றும் ஓடிய ஆலை’ என்ற எழுத்து. படத்தில் ஆலை வாசலில் நிற்கும் ஃபிட்டரை ஊர் இன்றும் கருங்காலி என்கிறது. அவர் மகள் படத்தின் மேல்பாதியையே முறைக்கிறாள். படமெடுத்தவரின் மகன் பின்னால் வந்து நிற்கிறார். “என்னக்கா, அப்பாவைப் பாக்குறீங்களா?” “மறியலுக்குத்தான் நின்னேன்னு சாகுறவரைக்கும் சொன்னார், தம்பி. அது கிடக்கட்டும். ஆத்துப் படகுக் கொடியெல்லாம் இடப்பக்கம் பறக்குது, ஆலைப் புகை மட்டும் எப்படி வலப்பக்கம் போகுது?” “அந்தக் காலத்துப் படம்க்கா…” “உங்க அப்பா படத்தை டச்சப் பண்றதுல கெட்டிக்காரராமே. அந்தப் புகை ஆலையிலேருந்து வந்துச்சா, அவர் பிரஷ்லேருந்தா?” மகன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கிறார், புகை இருக்கும் இடத்தை மட்டும்.