தாய்லாந்துக்கு ஒரு பெல்ட்

“சட்டைக்கு உள்ளாற கட்டிக்கிற மாதிரி பெல்ட் பை இருக்குதுங்களா? பாஸ்போர்ட்டும் பணமும் வைக்கணும். தாய்லாந்துக்கு டிக்கெட் போட்டிருக்குது.”

கேட்டவருக்கு ஐம்பது வயதிருக்கும். நீல நிறக் கம்பெனிச் சட்டை. பாக்கெட்டுக்கு மேலே ‘பெரியதம்பி’ என்று பெயர் தைத்திருந்தது.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேக் கடை வைத்திருக்கும் நாராயணம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தாய்லாந்தா! அவள் வீட்டுக்காரரும் ஒரு தடவை சிநேகிதர்களோடு சாமி கும்பிடப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, கோவாவிலிருந்து மூக்குத் தோல் உரிந்து திரும்பியவர்தான்.

“கூட யாரு வர்றாங்க?”

“யாருமில்லைங்க. ஒரே டிக்கெட்தான்.”

“வீட்டம்மா?”

“எங்க கம்பெனி கேன்டீன்லதான் வேலைங்க. இப்பதான் ஷிப்ட் முடியும்.”

அதானே பார்த்தேன், என்று நினைத்துக்கொண்டாள் நாராயணம்மா. பொண்டாட்டி அங்கே அடுப்படியில் வேகிறாள். ஐயாவுக்குத் தாய்லாந்து கேட்கிறது!

போன வாரம் பெங்களூரிலிருந்து வந்த நல்ல சரக்கு மேல் தட்டில் இருந்தது. அதைத் தொடவே இல்லை. கீழே கிடந்த மட்டமான நாலைந்தை அள்ளி எதிரே போட்டாள்.

பெரியதம்பி ஒவ்வொன்றாக இடுப்பில் கட்டிப் பார்த்தார். குனிந்தார். உட்கார்ந்து எழுந்தார். கடைக்குள்ளேயே இரண்டு தடவை குதித்தார்.

“இது எனக்குக் கச்சிதமா இருக்குது. அப்ப இது வேண்டாங்க.”

“என்னாங்க இது கூத்து? சரியா இருந்தா எடுத்துக்க வேண்டியதுதானே?”

“இதைவிடச் சின்னதாக் காட்டுங்கக்கா. உள்பக்கம் துணி மெத்துன்னு இருக்கணும், வேர்வை பட்டா அறுக்கக் கூடாது. முக்கியமா, ஓடினாலும் ஆடக் கூடாது.”

“ஓடுறதா? தாய்லாந்துல உங்களை யாருங்க துரத்தப் போறாங்க?” என்றாள், வெடுக்கென்று.

பெரியதம்பி பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு கம்பெனி பஸ் நின்றது. சுடிதாருக்கு மேல் கேன்டீன் கோட்டு போட்ட ஒல்லியான பெண் ஒருத்தி இறங்கி வந்தாள்.

“இவதாங்க எங்க வீட்டம்மா, ராஜலட்சுமி. ராஜி, வா வா, கட்டிப் பாரு. போகப் போறவ நீ. என் இடுப்புக்குப் பார்த்து என்ன பிரயோஜனம்?”

நாராயணம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “இவங்களா போறாங்க?”

“ஆமாங்க. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு ஓட்டப் பந்தயம். அஞ்சு கிலோமீட்டர். மாநிலத்துல இவதான் முதல். டெல்லியில ரெண்டாவது. இப்ப தாய்லாந்துக்குக் கூப்பிட்டிருக்காங்க.” பெரியதம்பி தானே ஓடி ஜெயித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார். “கூடப் போக ஆளில்ல. ஓடுற நேரத்துல பாஸ்போர்ட்டை யார்கிட்டக் கொடுத்து வைப்பா? அதான் இடுப்போட கிடக்கட்டும்னு.”

ராஜலட்சுமி ஒரு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கடை வாசலில் பத்தடி ஓடினாள். பை நழுவி இடுப்பைச் சுற்றி முதுகுக்குப் போய்விட்டது.

“அதைக் கழட்டும்மா! அதெல்லாம் ஆவாது.”

நாராயணம்மா ஸ்டூல் போட்டு ஏறினாள். மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, கவுண்டரைச் சுற்றி வந்து, தானே ராஜலட்சுமியின் இடுப்பில் கட்டினாள். வாரை இழுத்தாள். ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

“மூச்சு இழுத்து விடும்மா. பிடிக்குதா?”

“இல்லைங்கக்கா.”

“பாஸ்போர்ட் கனத்துக்கு இதை வெச்சுக்க.” தன் பேங்க் பாஸ்புக்கையும் ஒரு சாவிக்கொத்தையும் பைக்குள் திணித்து ஜிப்பை மூடினாள். “இப்ப ஓடு. அந்தச் சிக்னல் வரைக்கும் போயிட்டு வா.”

ராஜலட்சுமி கோட்டைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள்.

அது ஓட்டமா! பூக்கூடைக்காரியை ஒதுங்கி, தளி ஊருக்குப் போக நின்றிருந்த பஸ்ஸைச் சுற்றி, காற்று மாதிரி போனாள். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் எழுந்து நின்று, “ஓடு அக்கா, ஓடு!” என்று கத்தினார். தமிழில் கத்தினாரா கன்னடத்திலா தெரியாது. இரண்டிலும் அதே வார்த்தைதான். பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. யாரோ விசில் அடித்தார்கள்.

திரும்பி வந்தபோது பை கட்டிய இடத்திலேயே இருந்தது. இம்மி நகரவில்லை.

“ஜெயிச்சாச்சு, போ!” என்று நாராயணம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். விலைச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பாதி விலைதான் வாங்கினாள். ராஜலட்சுமி கோட்டை மாட்டிக்கொண்டு பக்கத்துக் கடைக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள்.

“கேன்டீன்ல எத்தனை நாள் லீவு கொடுத்தாங்க?” என்று கேட்டாள் நாராயணம்மா.

“காண்ட்ராக்ட் ஆளுக்கு லீவு ஏதுங்கக்கா? பத்து நாள் வரலைன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க.”

“ஐயையோ, அப்ப வேலை?”

“அது எங்கேயும் போகாதுங்க,” என்று சிரித்தார் பெரியதம்பி. “நான் அங்க பர்மனென்ட் ஆபரேட்டர், எனக்கு லீவு இருக்குது. காண்ட்ராக்டர்கிட்டப் பேசிட்டேன். பத்து நாளைக்கு அவ இடத்துல நின்னு, என் ஷிப்ட் ஆளுங்க சாப்பிட்ட தட்டையெல்லாம் நான்தான் கழுவப் போறேன்!”