பாத்திக்குப் போன சாப்பாடு

கணவர் தியாகேசன் வேண்டாம் என்ற மகளின் கல்யாணத்துக்கு, கோசலை பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்றுதான் அவர் அவளிடம் கடைசியாகப் பேசினார். "இனி உன் கையால ஒரு வாய் சோறு திங்க மாட்டேன்." அதன்பிறகு மூன்று வேளையும் தெருமுனை மெஸ்ஸில்தான் சாப்பிட்டார். ஆனாலும் கோசலை தினமும் மதியம் அவருக்கு ஒரு தட்டு போட்டு மூடி வைத்தாள். சாயங்காலம் அதைக் கொல்லையிலிருந்த உரக்குழியில் கொட்டி, காய்ந்த இலையும் மண்ணும் போட்டு மூடினாள். எந்த மாதம் எந்தப் பாத்திக்கு அந்த உரம் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டு வைத்திருந்தாள். கத்தரியும் அவரையும் வெள்ளரியும் கொடி தாங்காமல், கிளை தாங்காமல் காய்த்தன.

"அப்படி என்ன உரம்க்கா போடுறீங்க?" என்று பக்கத்து வீட்டு மும்தாஜ் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"வீட்டுச் சாப்பாடுதான்" என்றாள் கோசலை.

மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஸ் பூட்டியிருந்தது. திரும்பி வந்த தியாகேசன் வீட்டுக்குள் நுழையாமல் நேரே கொல்லைக்குப் போனார். வெள்ளரிப் பிஞ்சு ஒன்றைப் பறித்து வேட்டியில் துடைத்துக் கடித்தார். இன்னொன்றும் பறித்தார். அடுப்படி ஜன்னலில் நின்ற கோசலை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு, மிளகாப்பொடி வேணுமா?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்ததைக் கீழே போடவும் இல்லை.