இருக்கு சார், இருக்கு!

"இதுல பேங்க் ஆப் வருமா தம்பி?"

"வராதுங்க."

"டாக்ஸி கூப்பிடற ஆப்?"

"அதுவும் வராதுங்கம்மா. இந்த போன்ல ஓடற சிஸ்டமே வேற. ஆனா கேமரா பிரமாதமா இருக்கும்."

"போட்டோ எடுத்து நான் என்ன செய்யப் போறேன்?" என்று அந்த அம்மாள் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார். காலையிலிருந்து இப்படி நகர்ந்தவர்களில் இவர் நான்காவது.

தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர் வெளியே வந்தார். "ஏம்ப்பா, நீ போன் விக்க வந்தியா, இல்லை அதுல உள்ள குறையை ஊருக்கெல்லாம் சொல்ல வந்தியா?"

"கேட்டாங்க சார். இல்லாததை இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

"வந்துட்டான்யா அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரன்! இங்க பாரு, ஸ்டாக்ல ஒரே ஒரு பீஸ்தான் பாக்கி. சாயங்காலத்துக்குள்ள அது போகலைன்னா, நாளைக்கு இந்த மேசையில அயர்ன் பாக்ஸ் அடுக்கப் போறேன். அதை விக்க எங்கிட்ட ஆள் இருக்கு. ஆப் இல்லை, ஆப் இல்லைன்னு நீ பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தா, உன் வேலைக்குத்தான் ஆப்பு."

கடையில் எல்லோரும் அவனை அரிச்சந்திரன் என்றுதான் கூப்பிடுவார்கள். பாராட்டி அல்ல.

அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். 'மாப்பிள்ளை போன் கம்பெனியில் இருக்கிறார்' என்று மாமனார் பார்த்தவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். போனும் இல்லை, கம்பெனியும் இல்லை, வெறும் மாப்பிள்ளைதான் மிச்சம் என்றால் அந்த மனிதர் என்ன செய்வார்? ஒரே ஒரு நாள் பொய் சொன்னால் குடியா முழுகிவிடும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டான்.

மேசைமேல் பார்வைக்கு வைத்திருந்தது வெறும் பிளாஸ்டிக் பொம்மை. நிஜப் போன் சீல் பிரிக்காத பெட்டிக்குள் இருந்தது. யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

நாலு மணி வாக்கில் ஒருவர் வந்தார். கழுத்தில் அளவு நாடா, காதில் பென்சில், சட்டையெல்லாம் நூல் துணுக்கு. டெய்லர் என்று சொல்லாமலே தெரிந்தது. கூட்டமாக இருந்த மற்ற மேசைகளைத் திரும்பியும் பார்க்காமல் நேரே இவனிடம் வந்து, ஒரு துண்டுக் காகிதத்தைப் பிரித்தார்.

"தம்பி, தள்ளத் தள்ள குட்டிக் குட்டி வீடியோவா வந்துக்கிட்டே இருக்குமே, அது இதுல வருமா?"

அரிச்சந்திரன் ஓரக்கண்ணால் தூணைப் பார்த்தான். "வரும் சார்."

டெய்லரின் முகம் வாடியது. பென்சிலை எடுத்துக் காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

சரியாகக் காதில் விழவில்லையோ என்று அரிச்சந்திரன் குரலை உயர்த்தினான். "வரும் சார், அருமையா வரும்!"

"சீட்டு விளையாட்டு?"

"இருக்கு சார், இருக்கு! நாலு பேர் சேர்ந்தே ஆடலாம்."

இன்னொரு பெருக்கல் குறி.

"சீரியல்?"

"ராத்திரி போடற சீரியல் இதுல காலையிலேயே வந்துடும் சார்."

பெருக்கல் குறி. இந்த முறை பென்சில் முனையே உடைந்தது.

அரிச்சந்திரனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இருக்கு என்றால் சந்தோஷப்பட வேண்டாமா? இல்லை என்று சொன்ன போதுகூட யாரும் இப்படி முகத்தைத் தொங்கப்போட்டதில்லையே! தூணுக்குப் பின்னால் மேனேஜர் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் எல்லாமே இருக்குன்னுதான் சொன்னேன்."

"நல்லாவே கேட்டுச்சு தம்பி. எல்லாமே இருக்கு." வீட்டில் யாரோ தவறிவிட்ட மாதிரி சொல்லிவிட்டு, டெய்லர் காகிதத்தை மடித்தார். "அப்ப நான் வரேன்."

"என்ன சார், எல்லாம் இருக்குங்கறேன், கிளம்பறீங்களே!"

"அதனாலதான் தம்பி கிளம்பறேன். அந்த வீடியோவைப் பார்த்துக்கிட்டே தைச்சு, போன வாரம் ஒரு சட்டைக்கு ரெண்டு கையும் இடது கையா வெச்சுட்டேன். வீட்டுக்காரி, 'ஒண்ணு அந்தப் போன் இருக்கணும், இல்லை நான் இருக்கணும்'னுட்டா. இங்க பேங்க் ஆப்கூட வராத போன் ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டேன். அப்ப மத்த சனியன்களும் வராதுன்னு ஆசையா ஓடி வந்தேன்."

அரிச்சந்திரனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சார், சார்! நான் சொன்னது அத்தனையும் பொய் சார்! வீடியோ வராது, சீட்டு வராது, சீரியல் வரவே வராது. சத்தியமா இதுல ஒரு எழவும் வராது. இருங்க, பெட்டியைப் பிரிச்சே காட்டறேன்!"

டெய்லர் அவன் கையைப் பிடித்துத் தடுத்தார். பரிதாபமாகப் பார்த்தார்.

"வேண்டாம் தம்பி. காலையில பேங்க் ஆப் கேட்டு வந்தாங்களே ஒரு அம்மா, அவங்கதான் என் கடைக்கு வந்து, 'அந்த மேசையில ஒரு பிள்ளை இருக்கு, பொய்யே பேசாது, அது சொன்னா கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்'னாங்க. அவ்வளவு நல்ல பேரை, ஒரு போன் விக்கறதுக்காக இப்படிப் பொய் சொல்லிக் கெடுத்துக்காதே!"